கரப்பான் இல்லாத காம்பரா

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன கிழமை பிரட்டுக்களத்தில் "கரப்பான் பற்றி ஒரு கூட்டம், எல்லாரும் வாங்க" என்று அறிவித்திருந்தோம். இன்றைக்கு முதல் ஆளாக வந்த பாட்டி ஒருவர் பேரப்பிள்ளையின் கையில் இருந்த சொறியைக் காட்டி, "கரப்பானுக்கு மருந்து குடுப்பீங்கன்னு தூக்கிக்கிட்டு வந்தேன்" என்று சொன்னார். பிழை எங்களுடையதுதான். தோலில் வருகிற கரப்பானும் கரப்பான்தான், அடுப்படியில் ஓடுகிற கரப்பானும் கரப்பான்தான். சொறிக்கு டிஸ்பென்சரியில் மருந்து இருக்கிறது, பாட்டி நாளைக்குக் காலையில் கட்டாயம் போக வேண்டும். இன்றைக்கு நாங்கள் பேசப்போவது இரண்டாவது கரப்பானைப் பற்றி.

"இதெல்லாம் ஒரு பேச்சா? நூறு வருஷமாக நம்ம லயத்தில் கரப்பான் இருக்கு, நாமும் இருக்கோம்" என்று சிலர் சிரிக்கலாம். ஏன் இந்தக் கூட்டத்தை வைத்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் பொறுப்பில் உள்ள ஒரு டிவிசனில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று. வீசிங், அதுதான் இழுப்பு. ஒரே மாதத்தில் மூன்று தடவை நடுராத்திரியில் த்ரீவீலர் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் தாய்க்கு இரண்டு நாள் பேர் போகிறது. த்ரீவீலர் கூலி வேறு. மூன்றாவது தடவை அங்கே இருந்த டாக்டர், "வீட்டில் கரப்பான் பூச்சி அதிகமா?" என்று கேட்டிருக்கிறார். அந்தத் தாய் வீட்டுக்கு வந்து எங்களிடம் அழுதார். "நாங்க என்ன அழுக்காவா இருக்கோம்? டாக்டர் இப்படிக் கேட்டுட்டாரே" என்றார்.

நாங்கள் போய்ப் பார்த்தோம். உண்மையைச் சொல்கிறோம், அந்த லயத்திலேயே சுத்தமான காம்பரா அதுதான். சாணம் மெழுகிய தரை, அடுக்கிய பாத்திரம், மடித்த துணி. ஆனால் இரவு எட்டு மணிக்கு லைட்டை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து டோர்ச் அடித்துப் பார்த்தபோது, பக்கத்துக் காம்பராவின் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி வழியாக வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. அந்தத் தாய் எவ்வளவு கூட்டினாலும் துடைத்தாலும் என்ன பிரயோசனம்?

ஆகவே இன்றைய கூட்டத்தில் முதலாவதாக ஒன்றைச் சொல்லிக்கொள்கிறோம். கரப்பான் வந்தால் அது அந்த வீட்டுப் பெண்ணுக்கு அவமானம் அல்ல. அது ஒரு வீட்டுப் பிரச்சினையும் அல்ல, ஒரு லயத்துப் பிரச்சினை.

எதிரியைத் தெரிந்துகொள்வோம்

உலகத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கரப்பான் வகைகள் இருக்கின்றன. அநேகமானவை காட்டில் காய்ந்த இலைக்கும் உக்கிய மரத்துக்கும் அடியில் யாருக்கும் தொல்லை இல்லாமல் வாழ்பவை. மனிதனோடு ஒட்டிக்கொண்டு வாழ்வது முப்பது வகை அளவில்தான். நமது காம்பராக்களில் முக்கியமாகக் காண்பது இரண்டு வகை.

ஒன்று பெரியது. சிவந்த தவிட்டு நிறம், நம்முடைய பெருவிரல் நீளம், வெப்பமான இரவில் பறக்கவும் செய்யும். கான், கக்கூஸ் குழி, விறகு அடுக்கு, கூரை இடுக்கு ஆகியவை அதன் இருப்பிடம். இதை அமெரிக்கக் கரப்பான் என்பார்கள். ஆனால் அதன் பூர்வீகம் ஆபிரிக்கா. கப்பலில் ஏறி உலகம் முழுவதும் போய்விட்டது.

மற்றது சின்னது. அரை அங்குலம் இருக்கும், கழுத்தில் இரண்டு கறுப்புக் கோடு. அடுப்படி, அலுமாரி, ரேடியோப் பெட்டி, டீவியின் பின்பக்கம், பலசரக்கு வந்த மட்டைப் பெட்டி ஆகியவை இதன் இடம். இதற்கு ஜேர்மன் கரப்பான் என்று பெயர். ஆனால் 2024இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் இது ஏறத்தாழ 2100 வருடங்களுக்கு முன்பு இந்தியா அல்லது மியன்மார் பக்கத்தில் தோன்றியது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். பெயர்தான் வெள்ளைக்காரப் பெயர், பூச்சி நம்ம பக்கத்துப் பூச்சி.

இவை பெருகுவது எப்படி? பெண் கரப்பான் முட்டைகளை ஒவ்வொன்றாக இடுவதில்லை. ஒரு சின்னப் பெட்டிக்குள் அடுக்கி வைக்கும். காப்பிக் கொட்டை போல, அவரை விதை போல, தவிட்டு நிறத்தில் சாமி படத்தின் பின்னாலும் றங்குப் பெட்டி மூலையிலும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அநேகம் பேர் அதை ஏதோ எச்சம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பெரிய கரப்பானின் ஒரு பெட்டிக்குள் பதினைந்து முட்டை அளவில் இருக்கும். சின்னக் கரப்பானின் பெட்டியில் முப்பது, நாற்பது முட்டை. சின்னது இன்னும் கெட்டிக்காரி. குஞ்சு பொரிக்கும் தறுவாய் வரை அந்தப் பெட்டியை வயிற்றின் பின்னால் சுமந்துகொண்டே திரியும். முட்டையிலிருந்து வந்த குஞ்சு இரண்டு மூன்று மாதத்தில் வளர்ந்து தானும் முட்டை இடத் தொடங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைக்கு ஒன்றைக் கண்டும் காணாமல் விட்டால் தீபாவளிக்கு எத்தனை நிற்கும்?

இன்னும் ஒன்று. சாப்பாடு இல்லாமல் இது ஒரு மாத அளவில் உயிர் வாழும். ஆனால் தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. சின்னக் கரப்பான் இரண்டு கிழமைக்குள் முடிந்துவிடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பிரயோசனப்படும்.

சப்ரகமுவவில் ஏன் இவ்வளவு?

நுவரெலியா பக்கம் கல்யாணம் முடித்துப் போன நம்முடைய பிள்ளைகள், "அங்கே இவ்வளவு கரப்பான் இல்லையே" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். காரணம் குளிர். கரப்பானுக்குச் சூடும் ஈரமும் ஒன்றாக வேண்டும். இரத்தினபுரிப் பக்கத்தில் வருடத்துக்கு 3500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டை, இறக்குவானை, கஹவத்தை என்று எந்தப் பக்கம் போனாலும் மழை விட்டதும் வெக்கை, வெக்கை விட்டதும் மழை. தேயிலைக்கும் றப்பருக்கும் நல்லதாக இருக்கிற அதே சீதோஷ்ணம்தான் கரப்பானுக்கும் நல்லது.

அடுத்தது நமது லயம். பத்து அடிக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய இந்த லயங்களில் அநேகமானவற்றில் ஒரே கூரை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஓடுகிறது. நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. இரட்டை லயமாக இருந்தால் முதுகுக்கு முதுகாக இன்னொரு வரிசை வேறு. பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் நமக்கு வாசனை வருகிறதே, அந்த வழியாகத்தான் கரப்பானும் வருகிறது. 2016இல் அமெரிக்காவில் செய்த ஒரு சோதனையில், பெரிய கரப்பான் உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு மூன்று மில்லிமீட்டர் இடுக்கில்கூட நுழைந்துபோகும் என்று பார்த்திருக்கிறார்கள். இரண்டு சல்லிக்காசை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் என்ன உயரமோ, அவ்வளவு போதும்.

அது நமக்கு என்ன கெடுதல் செய்கிறது?

கடிக்கவில்லை, கொட்டவில்லை, பிறகு என்ன என்று கேட்கலாம்.

முதலாவது, அது நடந்து வருகிற பாதை. கக்கூஸ் குழியிலும் கானிலும் திரிந்த அதே காலோடு மூடாமல் வைத்த ரொட்டி மேலும், பால் போத்தலின் சூப்பி மேலும் ஏறுகிறது. சாப்பிட்டதைக் கக்கும், எச்சம் போடும். வயிற்றோட்டக் கிருமிகள் அப்படித்தான் சாப்பாட்டுக்குள் போகின்றன.

இரண்டாவது, இழுப்பு. கரப்பானின் எச்சம், எச்சில், உரித்த தோல், செத்த உடம்பு எல்லாம் காய்ந்து தூளாகிக் காற்றில் கலக்கிறது. சில பிள்ளைகளின் மூச்சுக்குழாய்க்கு அந்தத் தூள் ஒத்துக்கொள்ளாது. 1997இல் அமெரிக்காவில் எட்டு நகரப் பகுதிகளில் இழுப்பு உள்ள 476 ஏழைப் பிள்ளைகளைப் பரிசோதித்து எழுதினார்கள். கரப்பான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள், கரப்பான் தூள் அதிகமாக உள்ள வீட்டில் வசித்தால், மற்றப் பிள்ளைகளைவிட மூன்று மடங்குக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அங்கேயும் அது நெருக்கமாகக் கட்டிய பழைய வீடுகளில் வாழ்கிற ஏழைகளின் பிரச்சினைதான். நம்முடைய பிள்ளைகளுக்கு ஏற்கனவே அடுப்புப் புகை இருக்கிறது. அதோடு இதுவும் சேர்ந்தால் அந்தச் சின்ன நெஞ்சு என்ன செய்யும்?

மூன்றாவது, காது. தரையில் பாய் போட்டுப் படுக்கிற பிள்ளைகளின் காதுக்குள் சின்னக் கரப்பான் போய்விடுவது உண்டு. அப்படி நடந்தால் ஊக்காலும் ஈர்க்காலும் குத்தவே கூடாது, காதுச்சவ்வு கிழிந்துவிடும். காதில் சீழ் வடிகிற பிள்ளையாக இல்லாவிட்டால் இளஞ்சூட்டில் இரண்டு மூன்று சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுப் பூச்சியைச் சாகவிட்டு, உடனே டிஸ்பென்சரிக்குக் கொண்டுவாருங்கள். சீழ் வடிகிற காதாக இருந்தால் ஒன்றும் விடாமல் நேரே கொண்டுவர வேண்டும்.

நாம் விடுகிற பிழைகள்

இனி நாம் செய்கிற மருத்துவத்தைப் பார்ப்போம். கடையில் ஸ்பிரே டின் வாங்கி அடிக்கிறோம். முன்னால் ஓடியது சாகும். சுவருக்குள் இருப்பது சாகாது. முட்டைப் பெட்டிக்குள் மருந்து போகாது. போகப்போக அந்த மருந்துக்கே பழகிப்போன கரப்பான்தான் மிஞ்சும். 1993இல் விஞ்ஞானிகள் ஓர் அதிசயத்தை எழுதினார்கள். இனிப்பில் மருந்து கலந்து வைத்துவைத்து, கடைசியில் குளுக்கோஸ் இனிப்பையே வெறுக்கிற சின்னக் கரப்பான்கள் உருவாகிவிட்டன. நம்மைவிடப் பழைய பிராணி, லேசில் தோற்காது.

சிலர் மருந்துச் சோக்கால் சுவர் முழுக்கக் கோடு போடுகிறார்கள். பார்வைக்குப் பாடசாலைச் சோக்குப் போலவே இருக்கிறது. தவழ்கிற பிள்ளை அதை எடுத்து வாயில் வைத்தால்? பூச்சி உருண்டையும் அப்படித்தான், பிள்ளைக்கு அது முட்டாசி மாதிரித் தெரியும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லும்போது யாரையும் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். மலைக்கு அடிக்கிற மருந்தில் கொஞ்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது. "ஒரு சொட்டு அடிச்சா ஒரு வருஷத்துக்குக் கரப்பான் வராது" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பல வருடங்களுக்கு முன்பு நாங்கள் வேலை பார்த்த இடத்தில் அப்படி ஒரு போத்தல் அடுப்படி மூலையில் இருந்தது. பாடசாலை விட்டு வந்த பிள்ளை தாகத்துக்கு எடுத்துக் குடித்துவிட்டது. அந்தப் பிள்ளையைப் பற்றி இதற்கு மேல் எங்களால் பேச முடியாது. அந்த வீட்டில் கரப்பான் இருந்ததற்காக யாரும் செத்திருக்க மாட்டார்கள்.

தேயிலை மலைகளில் பல காலம் அடித்த பரகுவாட் என்ற களைகொல்லி எத்தனையோ உயிரைக் குடித்த பிறகு, 2008இல் தொடங்கிப் படிப்படியாக இலங்கையில் தடைசெய்யப்பட்டது. ஆனால் போத்தலில் ஊற்றி வைக்கிற பழக்கம் சட்டத்தால் போகாது, நாம்தான் விட வேண்டும். எந்த மருந்தையும் குடிக்கிற போத்தலில் ஊற்றாதீர்கள். பிள்ளை எதையாவது குடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத்தண்ணி கொடுக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணினால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மருந்துப் போத்தலையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டாக்டருக்கு அது முக்கியம்.

கேகாலை கற்றுத் தந்த பாடம்

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். 1934, 35ஆம் வருடங்களில் இலங்கையில் பெரிய மலேரியாக் கொள்ளை நோய் வந்தது. மழை பொய்த்து மகா ஓயா போன்ற ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாக நின்றன. அந்தக் குட்டைகளில் நுளம்பு பெருகியது. மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று நமது கேகாலை. நாடு முழுவதும் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் இறந்தார்கள்.

பிறகு 1940களின் பிற்பகுதியில் வீடு வீடாக டீடீடீ மருந்து அடித்தார்கள். நோய் குறைந்துகொண்டே வந்து 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்கு மாத்திரம் மலேரியா என்ற நிலை வந்தது. வெறும் 17 பேர்! இனிப் பயமில்லை என்று மருந்தடிப்பதை நிறுத்திக் கவனத்தையும் குறைத்தார்கள். என்ன நடந்தது? 1960களின் கடைசி வருடங்களில் லட்சக்கணக்கானோருக்கு மறுபடி மலேரியா வந்தது. பின்னர் விட்டுவிடாமல் இரத்தம் பரிசோதித்து, நுளம்பு இருக்கும் இடத்தைத் தேடி, வருடக்கணக்காகக் கண்காணித்துத்தான் 2016 செப்டெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் பெயர் வாங்கினோம்.

மலையில் புல்லு வெட்டுகிற நமக்கு இது தெரியாததல்ல. வேர் கிடந்தால் அடுத்த மழைக்குப் புல்லு நிற்கும். மருந்தடிப்பது தலையை வெட்டுகிற வேலை. வேர் எங்கே இருக்கிறது? சாப்பாடு, தண்ணீர், ஒளிவிடம், இந்த மூன்றிலும்தான்.

நாங்களும் இதில் பிழை விட்டிருக்கிறோம். முன்பு ஒரு தோட்டத்தில் ஒரு லயத்துக்கு மாத்திரம் மருந்தடித்து, படம் பிடித்து, வேலை முடிந்தது என்று வந்துவிட்டோம். கரப்பான் பக்கத்து லயத்துக்குக் குடிபோனது. இரண்டு மாதம் கழித்துக் குஞ்சு குட்டிகளோடு திரும்பி வந்தது. அன்றிலிருந்துதான் இப்படிக் கூட்டம் வைத்துப் பேசத் தொடங்கினோம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

அதிகாலையில் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையை மடுவத்தில் விட்டுப் பிரட்டுக்குப் போய், அந்தி சாய வீட்டுக்கு வருகிற தாயிடம் "நாள் முழுக்கச் சுத்தம் பண்ணுங்க" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆகவே படுக்கைக்குப் போகும் முன் கால் மணித்தியாலம் மாத்திரம் கேட்கிறோம். அதையும் தாய் மாத்திரம் செய்யக் கூடாது.

முதலாவது, சாப்பாடு. இரவுப் பாத்திரத்தை இரவிலேயே கழுவுங்கள். முடியாவிட்டால் சவர்க்காரத் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி வையுங்கள். மா, சீனி, பருப்பு, கருவாடு எல்லாம் இறுக்கமான மூடி உள்ள டின்னிலோ போத்தலிலோ இருக்கட்டும். துணியால் கட்டிய மூடியைக் கரப்பான் ஒரு மூடியாகவே மதிக்காது. அம்மியில் ஒட்டிய மசாலாவையும் துருவலையில் ஒட்டிய தேங்காய்ப்பூவையும் துடைத்துவிடுங்கள். தேயிலைச் சக்கையையும் மரக்கறித் தோலையும் வீட்டுக்குள் வைக்காமல் தோட்டத்துக் குழியில் போட்டு மண் தூவுங்கள். உங்கள் கீரைப் பாத்திக்கு அதுவே நல்ல பசளை.

இரண்டாவது, தண்ணீர். இதுதான் அதன் உயிர்நாடி என்று முன்பே சொன்னோம். குடத்தையும் வாளியையும் மூடுங்கள். பாத்திரம் கழுவும் இடத்தைப் படுக்கும் முன் ஒரு பழைய துணியால் ஈரம் போகத் துடையுங்கள். ஈரத்துணியைக் குவித்து வைக்காமல் கொடியில் விரித்துவிடுங்கள். ஒழுகுகிற பைப் வாசரை மாற்றுங்கள். ஒரு சின்ன வேலைக்காக மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

மூன்றாவது, ஒளிவிடம். விறகை அடுப்புக்கடியில் மாதக் கணக்காக அடுக்காமல் இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மாத்திரம் உள்ளே வையுங்கள். மிச்சம் வெளியே, தரையில் படாமல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி. கடையிலிருந்து வரும் மட்டைப் பெட்டியைச் சாமானை எடுத்ததும் வெளியே போடுங்கள். சின்னக் கரப்பான் வீட்டுக்குள் வருவது அநேகமாக அந்தப் பெட்டியோடுதான். பழைய பேப்பர், சாக்கு, பழந்துணி மூட்டை, "என்றைக்காவது தேவைப்படும்" என்று வைத்த சாமான் எல்லாவற்றையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

கிழமையில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், சாமி படம், கலண்டர், றங்குப் பெட்டி, கட்டிலின் கால், டீவி மேசை ஆகியவற்றின் பின்பக்கத்தைப் பார்த்து, அந்த அவரை விதை போன்ற முட்டைப் பெட்டியைச் சுரண்டி எடுத்து அடுப்பில் போடுங்கள். குப்பையில் எறிந்தால் அங்கேயே பொரிக்கும். இந்த வேலைக்குப் பிள்ளைகளைப் போலக் கெட்டிக்காரர் கிடையாது. ஒரு டிவிசனில் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தோம். ஒரே பின்னேரத்தில் ஒரு பெரிய பால்மாப் பேணி நிறையக் கொண்டுவந்துவிட்டார்கள். எடுத்த பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

சகோதரர்களே, உங்கள் பங்குக்கும் வேலை இருக்கிறது. சுவர் வெடிப்பு, கதவு நிலை ஓரம், தரையும் சுவரும் சேரும் மூலை, இவற்றைச் சீமெந்தாலோ குழைத்த களிமண்ணாலோ அடைப்பது ஒரு பின்னேர வேலை. கதவுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஆணி அடித்தால் இடைவெளி மூடும்.

பிடிக்கும் முறைகள்

இருப்பதைப் பிடிக்க மலிவான பொறி ஒன்று சொல்கிறோம். ஜாம் போத்தல் ஒன்றை எடுங்கள். உள்பக்கம் வாய் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு மாஜரின் பூசுங்கள். உள்ளே ஒரு துண்டு வாழைப்பழம் அல்லது பாண் போடுங்கள். ஏறி வருவதற்கு வசதியாக வெளிப்பக்கம் பேப்பர் சுற்றி இரவில் அடுப்படி மூலையில் வையுங்கள். உள்ளே விழுந்தது வழுக்கி ஏற முடியாமல் நிற்கும். காலையில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றினால் செத்துவிடும். கரப்பான் மூக்கால் மூச்சு விடுவதில்லை, உடம்பின் பக்கத்தில் உள்ள சின்னத் துளைகளால்தான் மூச்சு விடுகிறது. சவர்க்காரத் தண்ணீர் அந்தத் துளையை அடைத்துவிடும். எந்த நஞ்சும் தேவையில்லை. எத்தனை விழுந்தது என்று கலண்டரில் குறித்து வைத்தால் கூடுகிறதா குறைகிறதா என்பதும் தெரியும்.

மருந்துதான் வேண்டும் என்றால், பார்மசியில் கிடைக்கும் போரிக் பவுடர் நல்லது. பொறுமையாக வேலை செய்யும், ஆனால் வேலை செய்யும். ஒரு தேக்கரண்டி பவுடர், ஒரு தேக்கரண்டி சீனி, இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மா, கொஞ்சம் தண்ணீர் சேர்த்துப் பிசைந்து மிளகளவு உருண்டையாக்கிக் காயவைத்து, கூரை இடுக்கு, அலுமாரியின் பின்புறம் போன்ற கை எட்டாத இடங்களில் வையுங்கள். இதுவும் நஞ்சுதான். தவழ்கிற பிள்ளையோ நாய், பூனை, கோழியோ எட்டக்கூடிய இடத்தில் வைக்காதீர்கள். பிசைந்த பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

எல்லோரும் ஒன்றாக

இவ்வளவையும் ஒரு வீடு மாத்திரம் செய்தால் பாதிப் பலன்தான். இருபது காம்பரா லயத்தில் பத்தொன்பது வீடு செய்து ஒரு வீடு செய்யாவிட்டாலும் அந்த ஒரு வீடு நாற்றுமேடையாகிவிடும். அந்த வீட்டில் தனியாக இருக்கும் வயசாளி ஒருவர் இருக்கலாம், நோயாளி இருக்கலாம். அவர்களைக் குறை சொல்லாமல் பக்கத்து வீட்டு இளைஞர்கள் போய்ச் செய்து கொடுங்கள். சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் லயமே ஒன்றாக நிற்கிறோமே, இதற்கும் அப்படி நிற்க முடியாதா?

தோட்ட நிர்வாகம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. அதை மறைக்க நாங்கள் இங்கே வரவில்லை. உடைந்த கான், நிரம்பிய கக்கூஸ் குழி, ஒழுகுகிற தகரம், கூரைக்குக் கீழே திறந்து கிடக்கிற நடுச்சுவர், இவற்றைக் குடும்பங்கள் தங்கள் கைக்காசில் திருத்த முடியாது. எந்த லயத்தில் எத்தனை அடி கான் உடைந்திருக்கிறது, எத்தனை காம்பராவில் சுவர் கூரை வரை போகவில்லை என்று அளந்து எழுதி, எல்லோரும் கையெழுத்து வைத்துக் கொடுங்கள். "கரப்பான் அதிகம்" என்று வாயால் சொன்னால் காற்றோடு போகும். இத்தனை அடி என்று எழுதிக் கொடுத்தால் அது கணக்கில் ஏறும். அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுப்பதும் அதன் பின்னால் நடப்பதும் எங்கள் பொறுப்பு.

இன்னும் ஒரு லாபம் இருக்கிறது. சாப்பாட்டை மூடி, குப்பையைப் புதைத்து, கானைத் திறந்து விட்டால் கரப்பான் மாத்திரமா போகும்? எலியும் குறையும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் எலிக் காய்ச்சலுக்குப் பெயர்போனவை என்பது உங்களுக்குத் தெரியும். தேங்கிய தண்ணீர் போனால் டெங்கு நுளம்புக்கும் இடம் இல்லை. ஒரே கல்லில் மூன்று காய்.

முடிவாக, அந்த ஆறு வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த லயத்து மக்கள் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக வேலை செய்தார்கள். நடுச்சுவர் இடைவெளியை இளைஞர்கள் பலகையும் களிமண்ணும் வைத்து அடைத்தார்கள். பலகை நிர்வாகம் கொடுத்தது. கரப்பான் முழுவதும் ஒழிந்தது என்று சொல்ல மாட்டோம். போத்தல் பொறியில் இரவுக்கு இருபது, முப்பது விழுந்த இடத்தில் இப்போது ஒன்று, இரண்டு. பிள்ளைக்கு இழுப்பு சுகமாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டோம். டாக்டர் கொடுத்த பம்ப்பை இன்னும் பாவிக்கிறது, கிளினிக்குக்கும் ஒழுங்காகப் போகிறது. நீங்களும் கரப்பான் போய்விட்டது என்று பிள்ளையின் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் கடந்த நான்கு மாதத்தில் அந்த வீட்டுக்கு நடுராத்திரியில் த்ரீவீலர் வரவில்லை. தாய்க்கு அந்தக் காரணத்தால் ஒரு பேரும் போகவில்லை.

போன மாதம் பீலிக்கரையில் அந்தத் தாயைச் சந்தித்தோம். "அந்த டாக்டர் கேட்டப்போ எனக்கு அவமானமா இருந்திச்சு. இப்ப அவரு கேட்டது நல்லதுன்னு தோணுது" என்றார். நாங்களும் அதே கேள்வியைத்தான் இன்றைக்கு உங்கள் எல்லோரிடமும் கேட்டிருக்கிறோம், நல்லதுக்குத்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேட்டு லயத்திலிருந்து தொடங்குவோம். மண்வெட்டி உள்ளவர்கள் மண்வெட்டியோடும், டோர்ச் உள்ள பிள்ளைகள் டோர்ச்சோடும் வாருங்கள். சீமெந்து இரண்டு மூடை நாங்கள் கொண்டுவருகிறோம்.